"வழக்கம்போல்" என்கிற ஒரு சொல்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். அவருடைய சபையின் வாலிபர் கூட்டத்தில், வேங்கைவயல் மக்களுக்காக ஜெபிக்கலாமே என்று சொல்லியிருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித் குடும்பங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்ததே, அந்த ஊர். சபைப் பெரியவர் ஒருவர், "ஆலயத்துக்குள்ள அரசியல் வேண்டாம் தம்பி, ஆத்துமாவைப் பத்திப் பேசுவோம்" என்று அதை அங்கேயே நிறுத்திவிட்டாராம். ஒரு சாதாரண சபையின் அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்துக்கும் நீதிக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு, சபை பொது அநியாயத்தில் தலையிட்டபோது என்ன நடந்தது என்று கேட்கிறார்.

தம்பி, நான் இறையியல் படித்தவன் இல்லை. தெற்கே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆறு வருஷம் சேகரக் கமிட்டிச் செயலராக, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தின் நிர்வாகக் குழுச் செயலராக இருந்து மினிட் புத்தகம் எழுதியவன். அதனால் என் பதில் மேடைப்பக்கமிருந்து வராது, கணக்குப் பெட்டிப் பக்கமிருந்துதான் வரும்.

அந்தப் பெரியவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு ஜெபம் வரும்போது நம்மை ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கிறோம், நீதிமன்றங்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபிக்கிறோம். அந்தப் பெரியவரும் சேர்ந்து "ஆமென்" சொல்கிறார். ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பது அரசியல் இல்லையாம், ஆளப்படுகிறவர்கள் குடிக்கிற தண்ணீருக்காக ஜெபித்தால் அரசியலாம். இந்தக் கோட்டை எந்த வேத வசனத்தை வைத்துப் போட்டார் என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூட அங்கீகாரம், ஆலயம் கட்டக் கலெக்டர் அனுமதி, வெளிநாட்டுப் பணத்துக்கான பதிவு என்று சிறுபான்மைச் சபைகளுக்குப் பயப்படக் காரணங்கள் நிறைய உண்டு. அந்தப் பயத்தை நானும் அறிவேன். ஆனால் பயத்துக்கு பக்தி என்று பெயர் வைக்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

இப்போது மினிட் புத்தகத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் அசனம் இல்லாமல் முடியாது. வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஆலய வளாகத்தில் குழி அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறாக்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். கிறிஸ்தவர் இல்லாதவர்களும் வருவார்கள். பாத்திரம் கொண்டுவந்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அந்த ஏற்பாட்டுக்கான தீர்மானத்தைக் கமிட்டி வருஷா வருஷம் எழுதும். அரிசி இத்தனை மூட்டை, கறி இத்தனை கிலோ, விறகு இன்னாரிடம். கடைசி வரி: "பரிமாறும் பொறுப்பு: வழக்கம்போல்." எனக்கு முன்னால் இருந்த செயலரும் அப்படித்தான் எழுதியிருந்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நானும் நான்கு வருஷம் அதையே எழுதினேன்.

புதிதாக வந்த குருவானவர் ஒருநாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வழக்கம்னா யாரு?" என்று கேட்டார். கூட்டம் கப்சிப். விஷயம் எல்லோருக்கும் தெரியும். வடக்குத் தெருக்காரர்கள் குழி வெட்டுவார்கள், விறகு பிளப்பார்கள், முடிந்தபிறகு அண்டா தேய்ப்பார்கள். அவர்கள் கை சோற்று வாளியில் மட்டும் படாது. பந்தியில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். அதை வைத்தே எங்கள் சபையில் சாதி இல்லை என்று வெளியூரில் பெருமையடித்துக்கொள்வோம். எந்தச் சட்டத்திலும் எழுதாத அந்தப் பாகுபாடு, என் கையெழுத்தில், ஒரே ஒரு சொல்லுக்குள் பத்திரமாக இருந்தது.

உங்கள் பெரியவர் வேண்டாம் என்கிற அரசியல் அப்படித்தான் உள்ளே இருக்கிறது தம்பி. அது கொடி பிடித்துக்கொண்டு வருவதில்லை. அந்தச் சொல்லுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது.

வேதத்திலும் சபையின் முதல் உட்சண்டைகளில் ஒன்று சோற்றைப் பற்றியதுதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப் போகிறார்கள். அதாவது தினசரிச் சாப்பாட்டுப் பங்கீட்டில் அவர்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அவர்கள் பக்கத்து ஆட்கள் முறுமுறுத்தார்கள் என்று நம் வேதாகமம் சொல்கிறது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? "முறுமுறுப்பது பாவம்" என்று பிரசங்கம் பண்ணவில்லை. சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்களிடமே சாப்பாட்டுப் பொறுப்பு போயிற்று என்றுதான் நான் வாசிக்கிறேன். இந்தப் பகுதியை எங்கள் ஊரில் உதவி ஊழியர் நியமனத்தன்றைக்கு வாசிப்பார்கள். அசனக் கமிட்டி கூடும்போது ஒருநாளும் வாசித்ததில்லை.

இன்னொன்று, 1 கொரிந்தியர் 11. திடப்படுத்தல் வகுப்பில் நம்மைப் பயமுறுத்துகிற பகுதி அது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், திருவிருந்தின் அப்பத்தைப் புசித்தால் ஆக்கினை. அபாத்திரம் என்றால் சினிமா பார்ப்பது, பொய் சொல்வது என்று ஒரு பட்டியல் போட்டுச் சொல்லித்தந்தார்கள். பத்து வசனம் மேலே போய்ப் பார்த்தால் பவுல் எதைக் கண்டு கொதிக்கிறார் என்பது தெரியும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அதைக் கண்டுதான் கொதிக்கிறார். முடிவில் அவர் சொல்லும் பரிகாரம், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. திருவிருந்தைக் கெடுத்தது பந்தியில் நடந்த அநியாயம். இதைப் படித்த பிறகு, ஆத்துமா வேறு, சோறு வேறு என்று எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இது நம் ஊர்ச் சபைகளுக்குப் புதுச் சண்டை ஒன்றும் இல்லை. ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி. தன் மாணவர்கள் எல்லாச் சாதியாரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், அதனால் சிலர் விலகிப்போனார்கள். 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம் என்ன செய்தது தெரியுமா? கிறிஸ்தவர்களானதால் மிராசுதாரர்களின் நெருக்கடிக்கு ஆளானவர்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்தது. நம் பக்கத்தில் பல கிறிஸ்தவ ஊர்கள் நிலத்துக்கான அந்தப் போராட்டத்தில் பிறந்தவை. அந்த ஊர்களில் உட்கார்ந்துகொண்டு சபை அரசியலில் தலையிடக்கூடாது என்று பேசுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய கலகம். தனி இருக்கை வேண்டும், திருவிருந்தில் சாதிப்படி முறை வேண்டும் என்று கேட்டவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பிற்பாடு, சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் பலர் போய்ச் சேர்ந்தார்கள். இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. சாதி முறைமையைக் காக்க வேண்டும் என்று மிஷனரிகளோடு வழக்காடியவர்களில் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நானும் வளர்ந்தேன், வடக்குத் தெருப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அந்தப் பாடல்களை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் பக்தி ஆழமாக இருந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர் பெயர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம். 1872இல் கட்டிய கோயில் இரண்டு கால் உள்ள கால்சட்டை மாதிரி, இரண்டு நடைகள் பீடத்தில் போய்ச் சேரும். வேளாளர் ஒரு பக்கம், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் மறுபக்கம், நடுவே சுவர். 1910ஐ ஒட்டி கௌசானல் சாமியார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். எங்கள் மினிட் புத்தகத்தில் ஒரு சொல்லாக இருந்தது, அங்கே செங்கலாக இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு (தனிக் கோயில் நிர்வாகம்) வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதையொட்டி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில், தாக்கிய தரப்பைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். இரு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரும் செய்தியில் வந்திருக்கிறது. 2003 நவம்பரில் தமிழகப் பேராயர்களிடம் பேசிய போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதி வேறுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளவே 2016 ஆகியிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், சபையின் அரசியலில் பெரிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகப் பல சபைகள் அனுசரிக்கின்றன. கறுப்புக் கொடி, ஊர்வலம், மனு எல்லாம் உண்டு. இது அரசியல்தான். உங்கள் பெரியவர்கூட அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

சூசை வழக்கைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாது. சூசை சென்னையில் சாலையோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர், ஆதி திராவிடக் கிறிஸ்தவர். 1982இல் அரசு அப்படிப்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, இந்துப் பட்டியல் சாதியினருக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் வந்த தீர்ப்பின் சாரம் இது: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சாதியால் வரும் இழிவும் கொடுமையும் கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று காட்ட வேண்டும். அதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தச் சான்று எங்கே இருந்தது? நம் கல்லறைத் தோட்டங்களில், நம் சபைத் தேர்தல் வாக்காளர் பட்டியலில், எங்கள் ஊர் மினிட் புத்தகத்தில் இருந்தது. தெருவில் ஊர்வலம் போகும்போது, சபையிலும் தலித்துகளுக்குக் கொடுமை நடக்கிறது, ஆகவே சலுகை கொடு என்று அரசிடம் சொல்கிறோம். திரும்பி ஆலயத்துக்குள் வந்ததும் இங்கே சாதியே கிடையாது, எல்லோரும் கிறிஸ்துவில் ஒன்று என்கிறோம். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. இதே கேள்வியை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை 2022 அக்டோபரில் மத்திய அரசு அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆணையம் வந்து கேட்டால் எங்கள் சபை எந்தப் பதிலைச் சொல்லும் என்பதுதான் எனக்கு இருந்த கவலை. மேடையில் சொல்வதையா, ஊர்வலத்தில் சொல்வதையா?

அப்புறம் தேர்தல். திருமண்டலம், அதாவது ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகள் எல்லாம் சேர்ந்த அமைப்பு, அதன் தேர்தல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சுவரொட்டி, அணி, பிரியாணி, வாட்ஸ்அப் வசை. இதற்குப் பக்திக் குறைவு காரணம் என்று எல்லோரும் புலம்புவார்கள். காரணம் அதைவிட எளிமையானது. ஒரு திருமண்டலத்தின் கையில் ஏராளமான பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கும். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் சம்பளம் கொடுப்பது அரசு, ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். அந்த நியமனம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் எதிர்காலம். சங்கக் காணிக்கை கட்டிய உறுப்பினர் சேகரத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கிறார், அவர்களிலிருந்து பெருமன்றம், அதிலிருந்து செயற்குழு. ஆக, ஒரு கிராமத்துச் சபையில் யார் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது என்பதற்கும் எங்கோ ஒரு பள்ளியில் யாருக்கு வேலை கிடைக்கிறது என்பதற்கும் நேர்க்கோடு இருக்கிறது. நிர்வாகத்தை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலைக்கு நம் தென்னிந்தியத் திருச்சபைத் திருமண்டலங்கள் போனதும் உண்டு. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவள், நம் ஆட்கள் நடத்தும் ஒரு பள்ளியில் வேலைக்குப் போனபோது "கட்டட நிதி" என்று ஒரு தொகை கேட்டார்கள். தொகையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். அவள் இப்போது தனியார் கம்பெனியில் இருக்கிறாள். அந்தப் பள்ளியின் வாசலில் மலைப்பிரசங்க வசனம் எழுதியிருக்கிறது.

சரி, கட்சி அரசியல்? அதில் உங்கள் பெரியவரோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். பிரசங்க பீடத்திலிருந்து இன்ன சின்னத்துக்குப் போடுங்கள் என்று சொல்வது தப்பு. சட்டப்படியும் சிக்கல். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, மதத்தைக் காட்டி வேட்பாளர் தரப்பு ஓட்டுக் கேட்பதை முறைகேடு என்கிறது. இன்னாருக்குப் போடாவிட்டால் தெய்வ கோபம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988இல் தனிச் சட்டமே இருக்கிறது. அதன் விளக்கம் கட்சிப் பிரச்சாரத்தோடு நிற்காமல், அரசியல் தன்மையுள்ள கூட்டங்களையும் தொடும் அளவுக்கு அகலமானது. ஆனால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மன்றாட்டில் ஜெபிப்பது அதில் வரும் என்று என் வாசிப்பில் தோன்றவில்லை. நடைமுறையில் இந்தச் சட்டங்களைப் பற்றிய அக்கறை நம்மிடம் எப்படி இருக்கிறது? தேர்தல் நேரத்தில் வேட்பாளர் காரில் வந்து இறங்கினால் முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சால்வை போர்த்துகிறோம். அப்போது யாரும் "அரசியல் வேண்டாம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பொன்மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைக்காதே என்று யாக்கோபு எழுதியது இந்தக் காட்சியைப் பார்த்தா என்று தோன்றும்.

சபை பொது அநியாயத்தில் தலையிட்டபோது என்ன நடந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற கொடுமைக்கு எதிராக மிஷனரிகள் நின்றார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் அந்தப் போராட்டத்தில் முதலில் கிடைத்த அனுமதி, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போடலாம் என்பதுதான். மேல்சாதிப் பெண்களைப்போல மேல்சீலை போடுவதை 1829 பிரகடனமும் தடுத்தது. 1859 ஜூலையில் வந்த பிரகடனம் இந்துப் பெண்களுக்கும் மார்பை மறைக்கும் உரிமையைக் கொடுத்தது, அப்போதும் மேல்சாதியார் உடுத்துகிற அதே பாணி கூடாது என்ற நிபந்தனையோடு. அடிபட்டு, சீலை கிழிக்கப்பட்டு, மறுநாள் திரும்பவும் சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள்தான் அதை நடத்தியவர்கள். மிஷனரிகள் மனு எழுதினார்கள். மனுவும் தேவைதான்.

நம் காலத்தில் இடிந்தகரை. கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்தின் பந்தல் 2011இல் லூர்து மாதா கோயில் முன்னால்தான் இருந்தது. அந்த மீனவப் பெண்களிடம் போய் ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், எங்கள் கடலே எங்கள் ஆலயம் என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். அதே நேரத்தில், பக்கத்து ஊர்ச் சபைகளில் இரண்டு கருத்து இருந்தது, மின்சாரம் வேண்டும் என்றவர்களும் விசுவாசிகள்தான். இதுபோன்ற விஷயத்தில் சபை முழுவதும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்டேன் சுவாமி விஷயம் வேறு. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு. 2020 அக்டோபரில் கைது, 2021 ஜூலை 5இல் 84 வயதில் விசாரணைக் கைதியாகவே மரணம். நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாதவர், உறிஞ்சிக் குடிக்கிற குவளைக்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அவருக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கலாம் என்று கேட்டதற்கு எங்கள் பக்கத்துச் சேகரம் ஒன்றில் மறுத்துவிட்டார்கள், "அவர் ஆர்.சி.தானே" என்று. அரசியல் பயம் என்றாலாவது எனக்குப் புரிந்திருக்கும்.

பெண்கள் பக்கம் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தனியாக எழுத வேண்டிய விஷயம் அது. உயில் இல்லாமல் அப்பா இறந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நடப்பது என்ன? கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று என்று சொல்லி மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவோம். சபைப் பெரியவர்களே சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். நானும் இரண்டு பத்திரங்களில் போட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் வாலிபர் கூட்டம். பெரியவரோடு அரசியலுக்கு விளக்கம் கேட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள், ஜெயிக்கமாட்டீர்கள். மன்றாட்டு ஜெபம் நடத்தும் முறை உங்களுக்கு வரும் வாரத்தில், ஆளுகிறவர்களுக்கான ஜெபத்துக்கு அடுத்த வரியாக, வேங்கைவயலில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். "எங்கெங்கோ கஷ்டப்படுகிறவர்களுக்காக" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அதே வாரத்தில் உங்கள் சபையின் தண்ணீர் யார் கையில், சோறு யார் கையில், குழி யார் தோண்டுகிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். வேங்கைவயலுக்காக ஜெபிக்கிற வாய், தன் ஊர் அசனத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால், உங்கள் பெரியவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் வந்துவிடும்.

எங்கள் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குருவானவர் கேட்ட கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருஷமும் பொருள் ஒத்திவைக்கப்பட்டது என்றுதான் எழுதினேன். அடுத்த வருஷம் வடக்குத் தெருவிலிருந்து கமிட்டிக்கு வந்திருந்த ஒரு அக்கா, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், எழுந்து, "நாங்க பரிமாறுறோம், யாருக்குக் குறை இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார். நேருக்கு நேர் கேட்டதும் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஆறு வீட்டிலிருந்து அரிசி வரவில்லை. குருவானவர் அதைப் பற்றிப் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை, குறைந்த மூட்டைக்குக் கடையில் வாங்கச் சொன்னார். அதற்கு அடுத்த வருஷம் நான்கு வீடுகள் திரும்ப வந்தன. இரண்டு வீடு இன்னும் தரவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பந்திக்கு வருகிறார்கள், அக்கா அவர்களுக்குக் கறி கொஞ்சம் கூடவே போடுகிறார். அக்கா எழுந்து கேட்ட அந்த வருஷம், மினிட் புத்தகத்தில் பரிமாறியவர்கள் பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதினேன். ஒரு வரியில் முடிகிற விஷயம் அரைப்பக்கம் பிடித்தது.